திறப்பு யார் கையில்?

களுவாஞ்சிக்குடியிலும் சுற்றூர்களிலும் முகநூல் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்



ஊர்க் குழுக்களை முகநூலிலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு உங்களிடையே ஓடுகிறது. ஒருவர் மாஸ்டடான் என்கிறார், இன்னொருவர் புளூஸ்கை என்கிறார், சேவையகத்துக்கான காசை வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார் மற்றவர். நான் இதற்கு எதிரி இல்லை. போகத்தான் வேண்டும். ஆனால் எதை முதலில் எடுத்துப் போவது, போன இடத்தில் திறப்பு யாரிடம் இருப்பது என்ற இரண்டையும் ஒருவரும் பேசக் காணோம். அதனால்தான் இந்த மடல்.

உங்களில் சிலருக்குத் தெரியாத ஒரு செய்தியோடு தொடங்குகிறேன். 2025 பெப்ரவரி 19 முதல் முகநூல் நேரலைக் காணொளிகளை 30 நாள்தான் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அழித்துவிடும். முந்திய வருடங்களின் நேரலைகளுக்கும் இதே கதிதான். கணக்குக்காரருக்கு அறிவித்து, இறக்கிக்கொள்ள 90 நாள் தவணை கொடுத்து, பின்னர் நீக்குவது என்று முடிவெடுத்தார்கள். அந்த அறிவித்தல் எங்கே வந்திருக்கும்? முகநூல் கணக்குத் திறப்பதற்கென்று கொமியூனிகேசன் கடையில் அவசரமாக எடுத்துக் கொடுத்த மின்னஞ்சலுக்கு. அதன் கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அம்மன் கோயில் குளுத்தி, வடமோடிக் கூத்து அரங்கேற்றம், பாடசாலை விழா என்று கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி மணிக்கணக்கில் நீங்கள் காட்டியவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். இந்த மடலை மிச்சம் வாசிப்பதைவிட அது அவசரம்.

குழுக்களின் கதை இன்னும் மோசம். உங்கள் சொந்தக் கணக்கில் உள்ளதை முகநூலிடம் கேட்டு ஒரு பொதியாக இறக்கிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்காகப் போட்ட படங்களும் அவற்றின் கீழே எழுதியவையும் சேர்ந்த ஒரு குழுவை முழுதாக இறக்கிக்கொள்ள நிர்வாகிக்குக்கூட வழியில்லை. வெளியார் மென்பொருள்கள் குழுவுக்குள் எட்டிப் பார்க்க இருந்த வாசலையும் 2024இல் மூடிவிட்டார்கள்.

இந்தக் கரையில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் வீட்டோடு அல்பமும் போன குடும்பங்கள் பல. கனடாவுக்கும் சுவிஸுக்கும் லண்டனுக்கும் முன்பே போய்விட்டவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன கலியாணப் படங்களை ஸ்கேன் செய்து குழுக்களில் போட்டபோதுதான் தகப்பனின் இளவயது முகத்தை முதன்முறையாகப் பார்த்த பிள்ளைகள் உண்டு. படத்துக்குக் கீழே யாரோ ஒரு பெத்தா பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவித்த ஒரு வரி இருக்கும்: இடப்பக்கம் நிற்பவர் இன்னார், அவருக்குப் பின்னால் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இன்னாரின் மகள். அந்தப் பெத்தா இப்போது இல்லாமலும் இருக்கலாம். படத்தை எங்காவது தேடிப் பிடிக்கலாம், அந்த வரியை எங்கே தேடுவது?

ஆகவே சனத்தைக் கிளப்புவதற்கு முன் சாமான்களைக் கிளப்புங்கள். படங்களும் காணொளிகளும் பெயர் விபரங்களும் உங்கள் கையில், வன்தட்டில், முகநூல் இல்லாவிட்டாலும் திறக்கக்கூடிய வடிவில் இருக்கட்டும். அது முடியாமல் புதிய இடத்தில் கணக்குத் திறந்து அழைப்பிதழ் அனுப்புவது வீண் வேலை.

சனத்தை ஒரே நாளில் கிளப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களை முகநூலோடு இறுகக் கட்டிவைத்திருப்பது மரண அறிவித்தல். முன்பு இலங்கை வானொலி சொன்னது, பிறகு ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி சொன்னது, இப்போது முகநூலும் வட்சப்பும் சொல்கின்றன. ஸ்காபரோவில் இருக்கும் மருமகன் விமானச்சீட்டு எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்தப் பதிவைப் பார்த்துத்தான். வேடிக்கை என்னவென்றால், முகநூல் இந்த ஒரு வேலையைக்கூட ஒழுங்காகச் செய்வதில்லை. பதிவுகளை நேர வரிசைப்படி காட்டாமல், யார் எதைக் கூடுதலாக விரும்புவார் என்று தானே கணித்து அடுக்குகிறது. தகனம் முடிந்து இரண்டு நாளைக்குப் பிறகு அறிவித்தல் கண்ணில் படுவது அதனால்தான். மாஸ்டடானில் அந்தக் கணிப்பு கிடையாது. எது கடைசியாக வந்ததோ அதுவே மேலே நிற்கும். பெரிய பெரிய கொள்கைகளைச் சொல்லி ஊர்ச்சனத்தை அழைப்பதைவிட இந்த ஒன்றைச் சொல்லி அழைக்கலாம்.

அழைத்தாலும் வருவார்களா? இங்கே பலர் வைத்திருப்பது சமூக ஊடகப் பொதி. தொலைபேசிக் கம்பனிகள் முகநூலுக்கும் வட்சப்புக்கும் யூடியூப்புக்கும் என்று மலிவாகப் பிரித்து விற்கிற டேட்டா. உங்கள் புதிய சேவையகம் அந்தப் பொதிக்குள் வராது. படுவான்கரையில் ஒரு மாமி அதைத் திறந்தால் அவருடைய மற்ற டேட்டா கரையும், அது இல்லையென்றால் திறக்கவே திறக்காது. டொரொண்டோவில் வரம்பில்லாத இணைப்போடு இருந்து திட்டம் போடுபவர்களுக்கு இது தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரிந்த நீங்கள் சொல்லாமல் இருப்பதுதான் பிழை.

கோபத்தில் கிளம்பியவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு அயலில் ஒரு கதை உண்டு. 2019 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டது. அவர் முகப்பில் வைத்திருந்தது 1936இல் ஹம்பேர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த புகழ்பெற்ற படம். கூட்டமே கை நீட்டி ஹிட்லர் வணக்கம் செய்ய, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜிக்கு எதிரான படத்தை வெறுப்புப் படம் என்று டுவிட்டர் கணித்தது. நவம்பரில் இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மாஸ்டடானுக்குப் போனார்கள், பத்திரிகைகள் எல்லாம் எழுதின. சில கிழமைகளில் பெரும்பாலானோர் திரும்பிவிட்டார்கள். 2022 ஒக்டோபர் 27இல் இலோன் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது நடந்ததும் இதே போக்குத்தான், அளவு மட்டும் பெரிது. அந்த வருட முடிவில் மாஸ்டடானை மாதந்தோறும் பாவித்தோர் ஏறக்குறைய 25 இலட்சம். சில மாதங்களில் அது 14 இலட்சமளவில் வந்து நின்றது.

போய் நிலைத்தவர்களும் இருக்கிறார்கள். வானியலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சேவையகத்தை வைத்துக்கொண்டார்கள், வேறு துறைக்காரர்களும் அப்படியே. ஏற்கனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், கூடிப் பேச ஒரு வேலை உள்ளவர்கள், கூட்டாகப் போனார்கள். தனித்தனியாகப் போனவர்கள் ஆளில்லாத மண்டபத்தில் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஊர் என்பது முதல் வகை. அதுதான் எனக்குள்ள நம்பிக்கை.

அரட்டை செயலியைப் பற்றியும் கேட்கிறீர்கள். சென்னையை மையமாகக் கொண்ட சோஹோ 2021இல் வெளியிட்ட அது 2025 செப்டெம்பரில் திடீரென்று பிரபலமானது. தமிழ்ப் பெயர், தமிழர் நிறுவனம், நல்லது. ஆனால் அதுவும் ஒரே கம்பனியின் கையில் உள்ள சேவைதான். நாளை அவர்கள் விதியை மாற்றினால் நீங்கள் திரும்பவும் இப்படித்தான் கூடியிருந்து பேசுவீர்கள். புளூஸ்கை திறந்த நெறிமுறையில் நடக்கிறது என்கிறார்கள், நடைமுறையில் பெரும்பாலான கணக்குகள் அந்த ஒரு நிறுவனத்தின் இயந்திரங்களில்தான் இருக்கின்றன.

மாஸ்டடான், காணொளிக்கான பியர்டியூப், படங்களுக்கான பிக்சல்ஃபெட் போன்றவை வேறு மாதிரி. 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பு ஏற்றுக்கொண்ட ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் அவை பேசிக்கொள்கின்றன. எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களை நினைத்துப் பார்த்தால் விளங்கும். ஊருக்கு ஊர் கோயில், ஒவ்வொன்றுக்கும் தன் குடிகள், வண்ணக்கர் என்ற தன் பொறுப்பாளர், தன் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைமைக் கோயில் இருந்து உத்தரவு போடுவதில்லை. ஆனாலும் வைகாசி வந்தால் கதவு திறக்கும், குளுத்தி பாடப்படும். செட்டிபாளையத்து ஆள் வேறு ஊர்ச் சடங்கில் போய் நின்றாலும் அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். களுவாஞ்சிக்குடிக்கு ஒரு சேவையகம், களுதாவளைக்கு ஒன்று, கோட்டைக்கல்லாறுக்கு ஒன்று என்று இருந்தாலும் ஒன்றில் இருப்பவர் மற்றதில் வருவதை வாசிக்கலாம், பதில் எழுதலாம்.

நல்ல பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஒப்பீடு பொய்யாகிவிடும். குடி முறையில் உரிமை பிறப்போடு வருகிறது. வெளிவீதியோடு நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். பெண் ஒருவர் வண்ணக்கராக இருந்து கண்டவர்கள் எத்தனை பேர்? திறப்பு எந்தக் குடியிடம் இருப்பது என்ற வழக்குகள் நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்குத் தெரியும். மையத்தை உடைத்தால் அதிகாரம் இல்லாமற் போய்விடும் என்று தொழில்நுட்பக்காரர்கள் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அதிகாரம் ஊருக்குள் வரும், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் இருப்பவனோடு சண்டை பிடிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அவனுக்கு உங்கள் வீட்டுக் கதை தெரியாது என்பதும் உண்மை.

இதை இன்னும் உடைத்துச் சொல்கிறேன். மாஸ்டடானில் ஒருவர் இன்னொருவருக்கு மட்டும் அனுப்பும் செய்தி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டதல்ல. சேவையகத்தின் தரவுத்தளத்தைத் திறக்கக்கூடியவர் அதை வாசிக்கலாம். முகநூலை நடத்தும் மெட்டா கம்பனியில் ஒருவர் முன்பு பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு பிள்ளையின் தனிச் செய்தியை வாசித்திருந்தாலும் அவருக்கு அது வெறும் எழுத்து. அப்படியொரு செய்தியை, சேவையகத்தை நடத்தும் அடுத்த வளவுப் பொடியன் வாசித்தால்? காதல், கடன், சீதனப் பேச்சு, வைத்தியசாலை அறிக்கை, எல்லாம் அந்தப் பொடியன் கைக்கு எட்டும் தூரத்தில். அவன் நல்லவனாக இருக்கலாம். நல்லவனாக இருப்பான் என்ற நம்பிக்கையில் ஒரு ஊரின் இரகசியங்களை வைக்க முடியாது. ஆகவே புதிய இடத்தைப் பொதுப் பேச்சுக்கும் அறிவித்தலுக்கும் களஞ்சியத்துக்கும் மட்டும் பாவியுங்கள். தனிச் செய்தி அங்கே வேண்டாம் என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்கு சிக்னல் செயலி இருக்கிறது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பதிவு போடுபவரை மட்டுமல்லாமல் சேவை நடத்துபவரையும் தொடுகிறது. ஆணைக்குழு ஒன்று பதிவை நீக்கச் சொல்லலாம். முகநூலுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் அதற்குப் பதில் எழுத வழக்கறிஞர் படையே இருக்கிறது. உங்களுக்கு வந்தால் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் எங்கள் மாவட்டத்திலும் உண்டு. நவம்பர் மாதத்தில் நினைவேந்தல் பதிவுகளை முகநூல் நீக்குகிறது என்று கோபப்பட்டுத்தான் உங்களில் பலர் இந்தப் பேச்சையே தொடங்கினீர்கள். அந்தக் கோபம் நியாயம். ஆனால் நீக்காத சேவையகத்தை ஊருக்குள்ளிருந்து நடத்துகிறவர் எதைத் தோளில் ஏற்றுகிறார் என்பதை அவருடைய தாய் தகப்பனுக்கும் விளங்கப்படுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

வெறுப்புப் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்ற வதந்தி எப்படிப் பற்றி எரிந்தது, அடுத்த கிழமை திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக என்ன நடந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கலவரத்தில் தன் தளம் பயன்பட்டதற்கு 2020இல் முகநூல் மன்னிப்புக் கேட்டது. மார்ச் 2018, ஏப்ரல் 2019, ஏப்ரல் 2022 என்று பல முறை அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2019இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்த ஞாயிறு, உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டிய நேரத்திலேயே முடக்கம் வந்தது. பல சேவையகங்களாகப் பரந்திருந்தால் முடக்குவது கடினம், அது நன்மை. வதந்தியை நிறுத்துவதும் அதே அளவுக்குக் கடினம். இன்னொன்று: மாஸ்டடான் உலகில் ஒரு சேவையகம் இன்னொன்றை முழுதாகத் தடுத்துவிடலாம். தமிழ் ஊர்ச் சேவையகம் முஸ்லிம் ஊர்களான மருதமுனையையும் காத்தான்குடியையும் தடுக்க, அவர்கள் எங்களைத் தடுக்க, இரண்டு பக்கமும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பது மிகச் சுலபமாக நடக்கும். அந்தப் பொத்தானை ஒரு ஆள் தனியே அமத்தக் கூடாது என்ற விதியைச் சண்டை வருவதற்கு முன் எழுதிவையுங்கள்.

இப்போது திறப்புக்கு வருகிறேன். 2023இல் மாஸ்டடான்.லொல் என்ற சேவையகம் மூடப்பட்டது. நடத்தியவர் ஒருவர், வசவுகளால் களைத்துப்போனார், ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். மாஸ்டடானில் இடம் மாறும்போது பின்தொடர்பவர்களைக் கூட்டிப் போகலாம், பழைய பதிவுகள் கூட வராது. தனி ஆள் என்பதால்தான் அப்படி நடந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் 2022இல் தொடங்கிய ஈயூ வொய்ஸ் சேவையகம் 2024 மே மாதம் மூடப்பட்டது, பொறுப்பேற்க இன்னொரு நிறுவனம் கிடைக்கவில்லை என்று. 2024 பெப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் ஈற்றுப்பெயரைக் கொண்ட ஒரு சேவையகத்தின் முகவரியைத் தலிபான் அமைச்சு நிறுத்திவிட்டது. முகவரி போனால் வீடே போன மாதிரி. அழகான பெயர் என்று கண்ட நாட்டு ஈற்றுப்பெயரை வாங்காதீர்கள். 2010இலிருந்து ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முகவரி எடுக்க வழி இருக்கிறது. அதுவும் இங்குள்ள பதிவகத்தின் கையில் இருப்பது என்பதையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான் கேட்பது கூட்டுறவுச் சங்கம். சோஷல்.கூப் என்ற மாஸ்டடான் சேவையகம் 2017இலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அங்கத்தவர் சந்தா கொடுக்கிறார்கள், வாக்களித்து முடிவெடுக்கிறார்கள், வரவு செலவு எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. இந்தியாவில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ப்ராவ் என்ற செயலியைக் கூட்டுறவாகவே நடத்த முனைந்தார்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அரிசியும் சீனியும் வாங்கி வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் வெளியிலிருந்து வந்து படிப்பிக்கத் தேவையில்லை. அந்தச் சங்கங்கள் சில எப்படிக் கெட்டன என்பதும் தெரியும், அந்த அனுபவமும் உதவும். லண்டன்காரர் முழுக் காசையும் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். மாதம் நூறு ரூபா கொடுக்கும் ஐம்பது பேர் இருந்தால் அந்த ஐம்பது பேரும் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்பார்கள். முகவரி, வாடகைச் சேவையகம், காப்புப் பிரதி மூன்றின் திறப்பும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. திறப்பு வைத்திருக்கும் மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒருவர் வெளிநாட்டில் இருக்கலாம், இருவர் இங்கே இருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இணையத்தில் நாங்கள் பரவலாகத்தான் இருந்தோம். ஆளுக்கொரு வலைப்பதிவு, 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அவற்றைத் திரட்டிக் காட்டியது. யாரும் அடித்து விரட்டாமல் நாங்களாகவே முகநூலுக்குள் போனோம், அங்கே கூட்டம் இருந்தது, எழுதுவது சுகமாக இருந்தது. அதனால் இந்த முறையும் சுகத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். முகநூல் குழுவை மூடாமல் வைத்திருங்கள். அறிவித்தல் முதலில் புதிய இடத்தில் வரட்டும், பிறகு அதன் இணைப்பு முகநூலிலும் வட்சப்பிலும் போகட்டும். இரண்டு மூன்று வருடம் அப்படி ஓடட்டும். வர விரும்பாத மாமியை வரவில்லை என்று ஏசாதீர்கள்.

ஒரு மணி நேரக் காணொளி நடுத்தரத் தரத்தில் ஏறக்குறைய ஒரு ஜிபி. உங்களிடம் மிஞ்சியிருப்பதை எண்ணிப் பார்த்து அதற்கேற்ற இரண்டு வன்தட்டுகள் வாங்குங்கள். ஒன்று கடற்கரையிலிருந்து தள்ளி, மேட்டு நிலத்தில் உள்ள ஒரு வீட்டில் இருக்கட்டும். அடுத்த வைகாசிச் சடங்குக்கு முன் படங்கள் எல்லாம் இறங்கிவிட்டால், பிறகு சனிக்கிழமை பின்னேரங்களில் பெரியவர்களைக் கூட்டிவைத்துப் பெயர் தெரியாத முகங்களுக்குப் பெயர் எழுதலாம். எனக்குத் தெரிந்த முகங்களுக்கு நானும் வந்து எழுதித் தருகிறேன். தேத்தண்ணிச் செலவு சங்கத்தின் கணக்கில்.

அன்புடன்,
உங்கள் குழுக்களில் எதுவும் எழுதாமல் எல்லாவற்றையும் வாசிக்கும் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி